புரூமேர் மாதம் வரும்வரை

போன வாரம் தங்கச்சி ஃபோனில் கேட்டாள்: “அந்த பாரீஸ் நோட்டு இன்னும் இருக்காண்ணா?”

இருக்கிறது. நீல அட்டை போட்ட 200 பக்க நோட்டு. முதல் பக்கத்தில் 22.3.2014 என்று தேதி. கடைசியாக எழுதிய பக்கத்தில் 10.11.2014. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே ஏறக்குறைய எட்டு மாதம் ஒரு வீடியோ கேமுக்காகக் காத்திருந்தேன். அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி.

அது வெளிவந்த பிறகு எழுதியவர்கள் நிறையப் பேர். வந்த புதிதில் இருந்த கோளாறுகளும், அதன் பின் வந்த திருத்தங்களும் இந்தத் தொடரை விளையாடும் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு எழுதத் தோன்றுவது வருவதற்கு முந்தைய நாட்களைப் பற்றித்தான். விளையாட்டு கைக்கு வருவதற்குள்ளேயே பாரீஸ் எனக்குப் பழகிவிட்டது.

மார்ச் 21 வெள்ளிக்கிழமை. புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து அந்தச் சின்ன டீசரைப் பார்த்தேன். நோத்ர தாம் தேவாலயம், கீழே கூட்டம், தலை வெட்டுகிற ஒரு கில்லட்டின். இவ்வளவுதான். அன்று இரவு எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. பிரெஞ்சுப் புரட்சி! இந்தத் தொடரின் ரசிகர்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த களம்.

மூன்றாம் பாகத்தில் அமெரிக்கப் புரட்சி வந்திருந்தது. எனக்கு அது பிடிக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காலத்து பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் வீடுகள் தாழ்வு, தெருக்கள் அகலம். கூரைக்குக் கூரை தாவி ஓடுகிறவனுக்கு அது பத்தாது. 18ஆம் நூற்றாண்டு பாரீஸ் வேறு மாதிரி. இன்று படங்களில் பார்க்கிற அகலமான சாலைகளெல்லாம் 1853க்குப் பிறகு ஊரை இடித்துப் போட்டவை. அதற்கு முன் ஐந்து, ஆறு மாடி வீடுகள் நெருக்கிக்கொண்டு நின்ற சந்துகள்தான் ஊர். ஈஃபிள் கோபுரம் கிடையாது. ஊரைச் சுற்றி ஒரு மதில். அந்த மதிலும் எதிரியைத் தடுக்கக் கட்டியதில்லை. உள்ளே வரும் சரக்குக்கு வரி பிடிக்கக் கட்டியது. பாஸ்டில் சிறை விழுவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே ஜனங்கள் அந்த மதிலின் சுங்கச்சாவடிகளுக்குத் தீ வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். இதையெல்லாம் நான் நோட்டில் எழுதிய முதல் வாரம், கல்லூரியில் இன்டர்னல் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

ஒரு சிக்கல். என்னிடம் இருந்த விளையாட்டுக் கருவி பி.எஸ்.3, அதாவது பிளேஸ்டேஷன் 3. யூனிட்டி பி.எஸ்.4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி ஆகியவற்றுக்கு மட்டும்தான். பழைய கருவிக்காரர்களுக்கு ரோக் என்று இன்னொரு விளையாட்டு தனியாக வரும் என்றார்கள். பி.எஸ்.4 அப்போது ஏறக்குறைய 40,000 ரூபாய். அப்பாவிடம் கேட்கிற தொகை இல்லை. லாஸ்பேட்டையில் இருந்த பெரியம்மா பையன் வேலைக்குப் போன முதல் வருஷ போனஸில் ஒன்று வாங்கி வைத்திருந்தான். “டிஸ்க் நீ வாங்கு, டிவி என்னுது” என்றான். ஒப்பந்தம் முடிந்தது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க ஆரம்பித்தேன்.

ஜூன் 9 இரவு 10 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் இ3 என்கிற வீடியோ கேம் கண்காட்சியின் நிகழ்ச்சி நேரலையில் தொடங்கியது. நெட் விட்டு விட்டு வந்தது. தலையை மூடிய முக்காட்டோடு நான்கு பேர் ஒரே தெருவில் சேர்ந்து இறங்கியபோது, பக்கத்தில் படுத்திருந்த தங்கச்சியை எழுப்பினேன். நான்கு நண்பர்கள் சேர்ந்து விளையாடலாம்! ஆனால் எனக்கு நெஞ்சில் தங்கியது அது இல்லை. கூட்டம்தான். முந்தைய பாகங்களில் சாலையில் 50, 100 பேர் நடமாடினால் பெரிது. இதில் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்கள், 5,000 பேர் வரைக்கும் என்றார்கள். புரட்சியைக் காட்ட வேண்டும் என்றால் முதலில் கூட்டத்தைக் காட்டத் தெரிய வேண்டும். அதுவரை எனக்குப் புரட்சி என்றால் பாடப் புத்தகத்தில் மூன்று காரணம், நான்கு விளைவு. அந்தத் திரையில் அது ஜனம். கத்துகிற, தள்ளுகிற, பசித்த ஜனம்.

பசி என்றதும் ரொட்டிக்கு வந்துவிட்டேன். நோட்டில் 11 பக்கம் ரொட்டி பற்றியே இருக்கிறது. 1789 தொடக்கத்தில் பாரீஸில் நான்கு பவுண்டு ரொட்டி 14½ சூ வரை போனது. சூ என்பது அந்தக் காலத்துச் சில்லறைக் காசு. ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளம் 20லிருந்து 30 சூ. 1788இல் ஆலங்கட்டி மழையில் விளைச்சல் போனது. அதன் பின் வந்த குளிரும் கடுமை. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு ரொட்டி பத்தாது. எங்கள் அப்பா வாங்குகிற சம்பளத்தில் பாதி அரிசிக்கே போனால் எப்படி இருக்கும் என்று ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன். அக்டோபர் 5ஆம் தேதி சந்தைப் பெண்கள் மழையில் நனைந்துகொண்டே வெர்சாய் வரை நடந்துபோய் அரசனையே பாரீஸுக்கு அழைத்து வந்தார்கள் என்று படித்தபோது, அந்தக் கணக்கை இன்னொரு தடவை பார்த்தேன்.

தங்கச்சி அப்போது பத்தாவது. இந்தத் தொடரில் அவளுக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. இ3 வாரத்தில் ஒரு சர்ச்சை வெடித்தது. நான்கு பேர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டில் பெண் பாத்திரம் ஏன் இல்லை என்று ரசிகர்கள் கேட்க, அதற்கு வேலை ரொம்பக் கூடும் என்று தயாரிப்புத் தரப்பிலிருந்து பதில் வந்தது. உலகம் முழுக்க ரசிகர்கள் திருப்பிக் கேட்டார்கள்: அந்தப் புரட்சியின் பேர்போன கொலையைச் செய்ததே ஒரு பெண்தானே?

நான் இதைத் தங்கச்சியிடம் சொன்னேன். ஷார்லோத் கோர்தே. 24 வயது. நார்மண்டியில் கான் என்ற ஊரிலிருந்து தனியாக வண்டியேறி பாரீஸுக்கு வந்தவள். 1793 ஜூலை 13 காலையில் பலே ரொயால் அங்காடியில் 40 சூ கொடுத்து ஒரு சமையல் கத்தி வாங்கினாள். அன்று மாலை, தோல் வியாதிக்காகத் தொட்டியில் உட்கார்ந்தபடியே எழுதிக்கொண்டிருந்த புரட்சிப் பத்திரிகைக்காரர் மராவைக் குத்தினாள். நான்காம் நாள் கில்லட்டின்.

“நாப்பது சூவா?” என்றாள். நோட்டை வாங்கி ரொட்டிப் பக்கத்தைப் புரட்டினாள். “கிட்டத்தட்ட மூணு ரொட்டி.” அன்றிலிருந்து நோட்டில் அவள் கையெழுத்தும் இருக்கிறது. சிவப்பு மை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். ஜூலை 14 காலையில் அவர் திண்ணையில் உட்கார்ந்து மெடல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரிப்பனில் படாமல், விபூதியைச் சுண்டுவிரலில் தொட்டு, வெள்ளைத் துணியால் வட்டமாகத் தேய்ப்பார். ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பார்ப்பார். சின்ன வயதிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. அந்த வருஷம் கேட்டேன்.

“கத்தோர்ஸ் ஜுயேடா. பஸ்தீய் உடைச்ச நாள்.”

உள்ளே ஏழு கைதிகள்தான் இருந்தார்களாமே தாத்தா என்றேன். தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “ஆள் எத்தனைன்னா பாப்பாங்க? கதவு யாருதுன்னு பாப்பாங்க.”

அன்று முதல்முறையாக அவரோடு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போனேன். மலர்வளையம் வைத்தார்கள். வயதானவர்கள் நெஞ்சில் மெடலோடு நேராக நின்று பிரெஞ்சு தேசிய கீதமான மார்செய்யேஸ் பாடினார்கள். 1793இல் பிரெஞ்சுக் குடியரசு இங்கிலாந்தோடு போரில் இறங்கியதும், அந்த ஆகஸ்டிலேயே ஆங்கிலேயர் வந்து புதுச்சேரியைப் பிடித்துக்கொண்டார்கள். பாரீஸ் தெருவில் நடந்ததன் அதிர்வு எங்கள் கடற்கரை வரை வந்திருக்கிறது. நான் அதே கடற்கரையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டு வளர்ந்தவன். எனக்கு இது 19 வயது வரை தெரியாது.

நோட்டில் இருந்த பெயர்களைத் தாத்தா ஒவ்வொன்றாகத் திருத்தினார். “நாட்டர் டேம் இல்லடா, நோத்ர தாம்.” நாயகனின் பெயர் ஆர்னோ தொரியான், வெர்சாயில் பிறந்தவன், அவன் காதலிக்கிற எலீஸ் எதிரிக் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று கதை சொன்னேன். “பொண்ணு வீட்டுல ஒத்துப்பாங்களா?” என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார்.

ஆகஸ்ட் கடைசியில் இடி விழுந்தது. அக்டோபர் 28 என்று சொல்லியிருந்த வெளியீடு நவம்பர் 11க்குத் தள்ளிப் போனது. இரண்டு வாரம்தான். ஆனால் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டிருந்தவனுக்கு அது எவ்வளவு என்று காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. தங்கச்சி நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். புரட்சிக்காரர்கள் 1793இல் பழைய நாட்காட்டியையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டு வந்தார்கள். வாரத்துக்குப் பத்து நாள், மாதங்களுக்குப் பருவத்தின் பெயர். நான் எழுதி வைத்து மறந்துபோன பட்டியல். அதில் அவள் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள்: புரூமேர், மூடுபனி மாதம், அக்டோபர் 22 வாக்கில் தொடங்கி நவம்பர் 20 வரை.

“ரெண்டு தேதியும் ஒரே மாசம்ண்ணா. ஒண்ணும் தள்ளிப் போகல.”

அதன் பிறகு வீட்டில் யாரும் நவம்பர் என்று சொல்லவில்லை. அம்மாகூட “உன் புரூமேர் எப்ப?” என்றுதான் கேட்டார்.

டிஸ்க் கைக்கு வந்த சனிக்கிழமை லாஸ்பேட்டை வீட்டில் மூன்று பேரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அண்ணன் கன்ட்ரோலரை முதலில் என்னிடம் கொடுத்தான், “நீதான எட்டு மாசம் படிச்ச” என்று. பாஸ்டிலிலிருந்து தப்பித்தாயிற்று. பயிற்சியெல்லாம் முடிந்து ஊர் திறந்தபோது கதையில் 1791. கூரை விளிம்பில் ஆர்னோவை நிறுத்திவிட்டு, கட்டை விரலை எடுத்துவிட்டேன். புகைபோக்கிகள், சாம்பல் நிறக் கூரைகள், தூரத்தில் நோத்ர தாமின் இரட்டைக் கோபுரம். கீழே ஒரு கூட்டம் எதற்கோ கத்திக்கொண்டிருந்தது. ஏறுவதற்கு ஒரு பொத்தான், இறங்குவதற்கு இன்னொரு பொத்தான் என்று இந்தப் பாகத்தில்தான் பிரித்திருந்தார்கள். விளிம்பு விளிம்பாக, கைப்பிடி கைப்பிடியாக அவன் தெருவுக்கு இறங்கினான். எங்கே போக வேண்டும் என்று வரைபடத்தைத் திறக்கும் முன்பே தங்கச்சி கை நீட்டினாள்.

“பலே ரொயாலுக்குப் போண்ணா.”

போனோம். தூண்களுக்கு நடுவே ஜனம் நடந்துகொண்டிருந்தது. அவள் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

“1791தான?” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “அவ இன்னும் ஊர்லதான் இருப்பா. வர ரெண்டு வருஷம் ஆவும்.”