வலிக்குமோ?

செங்கோட்டையில் இருபத்தைந்து வருடமாக அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இவைதாம் பிழைப்பு. சென்ற வருடம் எங்கள் ஊர் நெஞ்சு நோய் மருத்துவர் ஒருவர் ஒரு துண்டறிக்கை வேண்டும் என்று வந்தார். பல காலம் பீடி, சிகரெட் குடித்த வயதானவர்களை, உடம்புக்கு ஒன்றும் தெரியாத நிலையிலேயே, குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சி.டி. ஸ்கேனுக்கு வரவழைக்க வேண்டுமாம். இருமலில் ரத்தம் வருகிறவர்கள், காரணமில்லாமல் மெலிகிறவர்கள் இதற்குக் காத்திருக்காமல் நேராக மருத்துவரிடம் போய்விட வேண்டும். "வாசகத்தை நீங்களே எழுதுங்கள். நான் எழுதினால் மருந்துச் சீட்டு மாதிரி இருக்கும்" என்றார்.

அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன். "இன்று சோதிக்கத் தவறினால் நாளை உயிர் உங்களுக்குச் சொந்தமில்லை." கறுத்துப்போன நுரையீரல் படம். சுற்றிலும் கறுப்புக் கட்டம். புரூஃப் எடுத்த பிறகுதான் கவனித்தேன், தோற்றம், மறைவு என்று இரண்டு தேதியைச் சேர்த்தால் அப்படியே சுவரில் ஒட்டிவிடலாம். பழக்க தோஷம்.

இருந்தாலும் அதை மாமாவிடம் கொண்டுபோனேன். என் தாய்மாமாவுக்கு அறுபத்தாறு வயது. மரக்கடையில் தடி ஏற்றி இறக்கிய உடம்பு. இருபத்திரண்டு வயதில் பிடித்த பீடி, ஒரு நாளைக்கு இருபத்தைந்துக்குக் குறையாது. புரூஃபை எட்டப் பிடித்துப் பார்த்தார். "பீடிக் கட்டிலேயே இதைவிடப் பெரிய படம் போடுகிறான், மாப்பிள்ளை. அதையே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் குடிக்கிறேன்." உண்மைதான். 2016 முதல் புகையிலைப் பொட்டலங்களில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைதான் அடைத்துக்கொண்டிருக்கிறது.

அத்தை திண்ணையில் மடியில் சுளகோடு உட்கார்ந்திருந்தாள். நனைத்த இலையைத் தகட்டு அளவு வைத்துக் கத்தரித்து, ஒரு சிட்டிகை தூள் வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றுகிற வரை பேசவில்லை. பிறகு தலை நிமிராமலே கேட்டாள்: "பீடி எமன் என்றால் சுற்றுகிற நான் யார்? இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றியது இந்தச் சுளகுதானே?" இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டுத் திண்ணையில் இந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அது தோன்றவே இல்லை.

இழப்பைச் சொல்வதா, லாபத்தைச் சொல்வதா என்பது பழைய விவாதம் என்றார் மருத்துவர். 1981-இல் ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கணக்கு போட்டார்களாம். 600 பேர் சாகக்கூடிய ஒரு நோய். "200 பேர் பிழைப்பார்கள்" என்றால் மக்கள் ஒரு முடிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதையே "400 பேர் இறப்பார்கள்" என்றால் வேறு முடிவுக்குத் தாவுகிறார்கள். அப்படியானால் லாபத்தைச் சொல்லிப் பார்ப்போம் என்று பச்சை மையில், "நீண்ட ஆயுளோடு பேரன் கல்யாணத்தைப் பாருங்கள்" என்று அடித்துக் கொடுத்தேன். மாமா சிரித்தார். "ஏன், மொய் எழுத வேறு ஆள் கிடைக்கவில்லையா?" காகிதத்தில் ஓடுகிற கணக்கு மரக்கடையில் ஓடவில்லை.

அன்றைக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தானாகவே சொன்னார். "போனதும் ஏன் குடித்தாய் என்று கேட்பான். என் மகன் வயதுப் பையனிடம் நின்று திட்டு வாங்க வேண்டும்." சிறிது நேரம் கழித்து, "வலி இருந்தால் போகலாம். எனக்குத்தான் வலியே இல்லையே" என்றார். சாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதை மருத்துவரிடம் சொன்னேன். நுரையீரல் சதைக்குள் வலியை உணரும் நரம்பு கிடையாது என்றார். கட்டி வளர்ந்து வெளி உறையையோ விலா எலும்பையோ தொட்டால்தான் வலிக்கும். தொடங்கும்போது ஒன்றும் தெரியாது. அடுத்த புரூஃபில் தலைப்பு இதுதான்: "நுரையீரலுக்கு வலிக்கத் தெரியாது." கீழே, "ஏன் குடித்தீர்கள் என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள்." படமில்லை, கட்டமில்லை.

மாமா இரண்டு முறை வாசித்தார். "தடி மாதிரி" என்றார். வெளியே பட்டை பளபளவென்று இருக்கும், உள்ளே பொத்தலாக இருக்கும். வாளுக்குக் கொடுப்பதற்கு முன்னால் தட்டிக் காது கொடுத்துப் பார்க்க வேண்டும். நாற்பது வருடம் அவர் செய்த வேலை. நான் பேனாவை எடுத்து அதையும் எழுதிக்கொண்டேன்.

எண்களில்தான் எனக்கும் மருத்துவருக்கும் சண்டை. அமெரிக்காவில் 55 முதல் 74 வயது வரையுள்ள 53,000-க்கும் மேற்பட்ட புகைப்பழக்கக்காரர்களை வைத்து, ஒரு பாதிக்கு இந்த ஸ்கேன், மறு பாதிக்கு எக்ஸ்ரே என்று வருடம் ஒன்றாக மூன்று முறை எடுத்துப் பார்த்தார்கள். 2011-இல் முடிவு வந்தது. ஸ்கேன் எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20 சதவீதம் குறைவு. அந்த 20-ஐக் கொட்டை எழுத்தில் போட ஆசைப்பட்டேன். "ஆயிரம் பேருக்கு 21 இறப்பு 18 ஆனது என்று போடுங்கள்" என்றார். மூன்று பேர்தானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அதோடு விட்டாரா? ஆயிரத்தில் முந்நூறு பேருக்கு மேல் படத்தில் ஏதாவது தெரிந்து, பெரும்பாலும் அது புற்றுநோயே இல்லை என்று பின்னால் தெரியவரும். அதையும் போட வேண்டும் என்றார். பழைய காசநோய்த் தழும்புகூட நம் ஊரில் அப்படித் தெரியலாம். "இதைப் படித்தால் எவன் வருவான்?" என்றேன். "மறைத்தால், பயந்துபோகிற முதல் ஆள் ஊர் முழுக்கச் சொல்வார்." பொடி எழுத்தில் போடலாம் என்ற என் யோசனையையும் ஏற்கவில்லை. கடைசியில் ஒரே அளவு எழுத்துதான்.

யாருக்கு இந்தச் சோதனை என்பதற்கு அமெரிக்கர்களின் 2021 கணக்கு 50 முதல் 80 வயது, தினம் ஒரு பாக்கெட் வீதம் இருபது வருடத்துக்குச் சமமாகக் குடித்தவர்கள், விட்டிருந்தால் விட்டுப் பதினைந்து வருடத்துக்குள். பீடிக்கு அந்தப் பாக்கெட் கணக்கு ஒத்துவராது. நம் மருத்துவர்கள் நாளொன்றுக்கு எத்தனை, எத்தனை வருடம் என்று பெருக்குகிறார்கள். 300-ஐத் தாண்டினால் அதிகம். மாமாவுக்கு 25-ஐ 44-ஆல் பெருக்கினால் 1,100. "ஆயிரத்து நூறா!" என்று கன அடி கேட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பக்கத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் எக்ஸ்ரே போதும் என்றார்கள். வற்புறுத்தியதும் ஊசி போட்டு முழு ஸ்கேன் எடுக்கலாம் என்றார்கள். மருத்துவர் வேண்டாம் என்று திருவனந்தபுரத்துக்கு எழுதிக் கொடுத்தார். அரசுத் திட்டத்தில் வாய், மார்பு, கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை உண்டு, இதற்குக் கைப்பணம்தான். அத்தை சீட்டு எடுத்துக் கொடுத்தாள். பீடி சுற்றிக் கட்டிய சீட்டு.

கேரள எல்லை தாண்டி ஆரியங்காவு வந்ததும் மாமா பீடிக் கட்டை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டார். 1999-இல் கேரள உயர் நீதிமன்றம் பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்றது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2008 முதல் நாடு முழுவதும் அதே சட்டம்தான் என்பதை மட்டும் நம்ப மறுக்கிறார். தென்மலை, குளத்துப்புழை வழியாக வளைவு வளைவாக இறங்கினோம்.

மருத்துவமனையில் ஒரு நர்ஸ் படிவத்தோடு வந்தார். "வலிக்குமோ?"

"சே, வலியே கிடையாது" என்றார் மாமா, பெருமையாக.

நர்ஸ் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் டிக் அடித்துவிட்டுப் போய்விட்டார். எல்லை ஊர் அச்சகக்காரனுக்கு மலையாளம் கொஞ்சம் வாசிக்க வரும். டிக் விழுந்திருந்தது புகைப்பதில்லை என்ற இடத்தில். மலையாளத்தில் வலிப்பது என்றால் பீடி இழுப்பது. நம் வலி அவர்களுக்கு வேதனை. ஓடிப்போய்ச் சொன்னேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அடித்துத் திருத்தினார், எத்தனை வருடம் என்று மட்டும் கேட்டார். ஏன் என்று கேட்கவில்லை. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சட்டையைக் கழற்றி, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்து, ஒரு மூச்சைப் பிடித்தார். முடிந்துவிட்டது. "இதற்கா மலை தாண்டி வந்தோம்?"

வலது நுரையீரலின் மேல் பகுதியில் 6 மில்லிமீட்டரில் ஒரு முடிச்சு. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த ஆறு மாதம் எனக்குத் தூக்கம் கெட்டது. இழுத்துக்கொண்டு போனவன் நான்தானே. ஒரு நாள் மாமா அச்சகத்துக்கு வந்து, மடித்து மடித்துக் கிழிந்துபோன அந்தத் துண்டறிக்கையைப் பையிலிருந்து எடுத்து, ஒரு வரியில் விரலை வைத்தார். "இந்த முந்நூறு பேரில்தானே நான்?" ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்றேன். "இதை முதலிலேயே போட்டாயே, நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். பொடி எழுத்தில் போட நினைத்ததை நான் சொல்லவில்லை.

ஆறாம் மாதம் மறுபடி அதே பஸ், அதே வளைவுகள். முடிச்சு வளரவில்லை. அடுத்து ஒரு வருடம் கழித்து வந்தால் போதும் என்றார்கள். ஆனால் அது மாலையில்தான் தெரிந்தது. காலையில் படிவத்தோடு வந்தவர் அதே நர்ஸ்தான்.

"வலிக்குமோ?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. நான்கு விரலைக் காட்டினார். "நாலு. முன்பு இருபத்தைந்து."

அவர் நாலு என்றே எழுதிக்கொண்டார்.