லேடி பி குட்: மணல் நிறம் ஒருவழியாகக் கைகூடியது

நிறம் வந்துவிட்டது! ஹசேகாவா கம்பெனியின் 1/72 அளவு பி-24டி விமான மாடலின் மேல்பக்கம் முழுக்க அடித்து, ராத்திரி காயவிட்டு, காலையில் மொட்டைமாடி வெயிலில் வைத்துப் பார்த்தேன். எனக்கு வேண்டியது இதேதான். இனி இந்த நிறத்தை மாற்ற ஒரு சொட்டு பெயின்ட் கூட விழாது.

லேடி பி குட், இரண்டாம் உலகப் போரில் தொலைந்துபோன ஓர் அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானம். அதை மாடலாகச் செய்பவர்களில் பெரும்பாலானோர் லிபியப் பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் கோலத்தில்தான் அதைச் செய்கிறார்கள். 1958-இல் எண்ணெய் தேடிப் போனவர்கள் வானத்திலிருந்து பார்த்த கோலம் அது. படங்கள் நிறைய கிடைக்கின்றன, வேலைப்பாட்டைக் காட்டவும் இடமிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோலத்தில் மனிதர்கள் இல்லை. ஒன்பது பேரும் பாராசூட்டில் குதித்த பிறகு, ஆளில்லாமல் இன்னும் 26 கிலோமீட்டர் போல போய்த் தானாகவே தரையிறங்கிய விமானம் அது. இறங்கி உயிரோடு இருந்தவர்கள் அதைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை. நான் இதைச் செய்வது அந்த ஒன்பது பேருக்காக, குறிப்பாக அவர்களில் ஒருவருக்காக. அதனால் என் விமானம் 1943 ஏப்ரல் 4 மத்தியானம், லிபியாவின் சொலுக் தளத்தில், இத்தாலியின் நேப்பிள்ஸைத் தாக்கக் கிளம்பும் முன் நிற்கிறது.

நிறத்தில் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். கிடைக்கிற கலர் படங்கள் எல்லாம் பதினாறு வருஷம் வெயில் தின்ற பிறகு எடுத்தவை. வெளுத்த இளஞ்சிவப்பு, அங்கங்கே வெறும் அலுமினியம். அதைப் பார்த்து அடித்தால் 1959 வந்துவிடும், 1943 வராது. இந்த விமானம் படைப்பிரிவுக்கு வந்ததே மார்ச் 25-இல். பத்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்கும் சரி, ஹாட்டன் தலைமையிலான அந்தக் குழுவுக்கும் சரி, அதுதான் முதல் தாக்குதல் பயணம். ஆகவே பெயின்ட் புதுசு. மணல் நிறத்துக்குள் ஒரு சிவப்புச் சாயல் இருக்க வேண்டும், ஆனால் வெளுப்பு இருக்கக் கூடாது.

டமியா பெயின்டில் எக்ஸ்எஃப்-59 (பாலைவன மஞ்சள்) மூன்று பங்கு, எக்ஸ்எஃப்-15 (தோல் நிறம்) ஒரு பங்கு. இதில் வெள்ளை எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் என் தூக்கம் போனது. சின்ன அளவு மாடலுக்குக் கொஞ்சம் வெளிறித்தான் அடிக்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததே. ஆனால் ஒரு துளி கூடினாலும் உடனே அந்தப் பழைய வெயில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. கடைசியில் வெள்ளையைக் கலவையில் சேர்ப்பதையே விட்டுவிட்டேன். அடிப்பூச்சான ப்ரைமரை இளஞ்சாம்பலாக அடித்து, பேனல்களின் நடுவில் மட்டும் வெள்ளை தெளித்து, அதன்மேல் மணல் நிறத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றினேன். நிறம் உள்ளிருந்து வெளிச்சமாகத் தெரிகிறது, மேலே வெளுக்கவில்லை. அடிப்பக்கம் எக்ஸ்எஃப்-53 (சாம்பல்), அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் ஏர்பிரஷின் ஊசி முனையிலேயே காய்ந்துவிடுகிறது. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இல்லாமல் பகலில் ஏர்பிரஷைத் தொடாதீர்கள்.

எடை விஷயம். முன்னால் கனம் இல்லாவிட்டால் மாடல் வாலில் உட்கார்ந்துவிடும். மூக்கு முழுக்கக் கண்ணாடி என்பதால் ஈயத்தை அங்கே ஒளிக்க முடியாது. காக்பிட் தரைக்கு அடியிலும் அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கமும், மீதி எஞ்சின் கூடுகளிலும் திணித்தேன். காசிமேட்டில் தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஈயக்குண்டு மலிவு. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த டங்ஸ்டன் பொடி கஸ்டம்ஸில் முடங்கி, கிட்டின் பாதி விலைக்குத் தீர்வை கேட்டார்கள். இனி அந்தப் பக்கமே போவதில்லை.

அடுத்தது ஆட்கள். குழுவின் படம் ஒன்று உண்டு, வேறொரு பி-24 முன்னால் ஒன்பது பேரும் வரிசையாக நிற்பது. அதே வரிசையில் நிறுத்தப் போகிறேன். இடமிருந்து எட்டாவது ஸ்டாஃப் சார்ஜென்ட் வெர்னன் மூர், துப்பாக்கி வீரர், ஓஹையோ மாநிலத்தின் நியூ பாஸ்டன் ஊர்க்காரர். அன்றிரவு திரும்பும்போது தளத்தைத் தாண்டிப் போனது தெரியாமலே தெற்கே பறந்து, எரிபொருள் தீரும் நேரத்தில் குதித்தார்கள். கீழே கடல் என்றுதான் நினைத்திருந்தார்கள். குண்டு வீசுபவரான வொராவ்காவின் பாராசூட் சரியாக விரியவில்லை. மற்ற எட்டுப் பேரும் அரைக் குடுவைத் தண்ணீரோடு, நாளைக்கு ஒரு மூடி என்று குடித்து, வடமேற்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள். துணை விமானி டோனரின் நாட்குறிப்பு இந்த நடையைச் சொல்கிறது. ஐந்து பேரால் அதற்குமேல் முடியவில்லை. ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர், மூர் மூவரும் உதவி தேடி மேலே போனார்கள். 1960 பிப்ரவரியில் அந்த ஐவரும் கிடைத்தார்கள், மே மாதம் ஷெல்லியும் ரிப்ஸ்லிங்கரும், ஆகஸ்டில் வொராவ்கா. மூர் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. துனிசியாவில் கார்த்தேஜ் அருகே உள்ள அமெரிக்கப் போர்வீரர் கல்லறையில், காணாமல்போனோர் சுவரில் அவர் பெயர் இருக்கிறது.

தளர்ந்தவர்களை விட்டுவிட்டு நடக்கத் தெம்பிருந்த மூவரில் ஒருவர் அவர். அந்த மணற்கடலில் அவர் நடையும் ஷெல்லி, ரிப்ஸ்லிங்கர் நடையைப் போலவே நீண்டிருக்கும் என்று நம்புகிறேன். ஆனால் அதைக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை, படத்தில் அவர் நிற்கும் இடம் மட்டும்தான் உறுதி. எனவே இரண்டரை சென்டிமீட்டர் கூட இல்லாத அந்த உருவத்தை ஏனோதானோ என்று அடிக்க மனம் வரவில்லை. முகத்துக்கு ஆயில் பெயின்ட்தான், அக்ரிலிக்கில் கன்னத்தின் நிழல் இவ்வளவு நுணுக்கமாக இறங்காது.

இதற்கு நடுவில் இன்னொரு ஆசையும் தலைகாட்டுகிறது: நம் விமானப்படையின் லிபரேட்டர். போர் முடிந்து கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்தவற்றை எச்.ஏ.எல். சீர்செய்து பறக்கவைத்தது, 1968 வரை ஓடின. இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் நிற்பவற்றில் சில இங்கிருந்து போனவையே. அதற்கு ஜே வகை கிட் வேண்டும், அதன் மூக்கில் டரெட் (சுழலும் துப்பாக்கிக் கூண்டு) உள்ளது. யாரிடமாவது பிரிக்காத பெட்டி இருந்தால் தகவல் சொல்லுங்கள்.

லேடி பி குட்டில் இன்னும் பாக்கி: மூக்கின் இரு பக்கமும் 64 என்ற எண், வலப்பக்கம் பெயர். அசல் விமானத்தில் பெயரைக் கையால்தான் எழுதியிருந்தார்கள், எழுத்துகள் கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கும். டெக்கால் என்ற ஒட்டுப்படத்தை ஒட்டினால் அச்சடித்த மாதிரி இருக்கும் என்பதால் நானும் பிரஷால்தான் எழுதப்போகிறேன். பழைய இறக்கைத் துண்டில் பழகிக்கொண்டிருக்கிறேன், ‘லேடி’ வரை கை நிற்கிறது. கண்ணாடிச் சட்டங்களுக்கு மாஸ்கிங் டேப்பும் தீர்ந்துவிட்டது. ஆறு மில்லிமீட்டர் அகலத்தில் சென்னையில் கிடைக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள்.