அத்தை பாட்டும் ஆட்டோரிமூவும்

எங்கள் அத்தைக்கு நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு என்று நாற்பதுக்கு மேல் தெரியும். எதுவும் எழுத்தில் இல்லை. குரல் நன்றாக இருக்கும்போதே பதிந்துவிட வேண்டும் என்றுதான் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடும் என் லேப்டாப்பில் இசை மென்பொருள்களை நிறுவத் தொடங்கினேன்.

எது தேவைப்படும் என்று தெரியாததால் இசை, வீடியோ வேலைகளுக்கான உபுண்டு வகையான உபுண்டு ஸ்டூடியோவின் ஆடியோ தொகுப்பை மொத்தமாகப் போட்டேன். அது ஒரு மெட்டா பேக்கேஜ். அதற்குள் மென்பொருள் எதுவும் இருக்காது. எதையெல்லாம் வரவழைக்க வேண்டும் என்ற பட்டியல்தான் இருக்கும். அந்த ஒரு பெயரைக் கொடுத்ததும் பதிவுக்கு ஆர்டோர், தாளத்துக்கு ஹைட்ரஜன், சின்தசைசர்கள், ஒலிக்கு மெருகேற்றும் எஃபெக்ட் பிளகின்கள் (துணை மென்பொருள்கள்) என ஜிபி கணக்கில் இறங்கின.

முதல் நாள் தம்புரா ஒலியை ஹெட்போனில் கொடுத்துப் பாடச் சொன்னேன். இரண்டு வரியிலேயே அத்தை நிறுத்திவிட்டார். "ஏப்பா, எனக்குப் பின்னாடி இன்னொருத்தி பாடுறாப்ல கேக்குதே?" என்றார். என் யூஎஸ்பி மைக்கில் நேரடியாகக் கேட்கும் வசதி இல்லை. குரல் கணினிக்குள் போய்த்தான் ஹெட்போனுக்கு வர வேண்டும். உபுண்டுவில் ஒலியைக் கையாளும் பைப்வயரின் வழக்கமான பஃபர், அதாவது ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலித்துண்டு, 1024 சாம்பிள். 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) அதுவே 21 மில்லிசெகண்ட் தாமதம். உள்ளே போய் வெளியே வர இன்னும் கூடும். ஆர்டோரைப் பைப்வயரோடு இணைக்கும் பைப்வயர்-ஜாக் பேக்கேஜைச் சேர்த்து, பஃபரை 256-க்குக் குறைத்து அதன் வழியாக ஆர்டோரைத் திறந்தேன். 5 மில்லிசெகண்ட் சொச்சம். அதன்பின் அத்தை கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஒரே மாலையில் ஏழு பாட்டு.

இரண்டு மாதத்தில் 128 ஜிபி எஸ்எஸ்டி நிறைந்துவிட்டது. நான் தொட்டதே ஆர்டோரையும், குரலுக்கு எதிரொலி சேர்க்கும் ரிவெர்புக்காகக் காஃப் பிளகின்களையும்தான். மற்றதெல்லாம் எதற்கு என்று ஓர் இரவு அந்த மெட்டா பேக்கேஜை ரிமூவ் செய்தேன். இடம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. பட்டியல்தானே போயிற்று! கூடவே ஒரு செய்தி வந்தது: கீழே உள்ளவை தானாக நிறுவப்பட்டவை, இனித் தேவையில்லை, நீக்க ஆட்டோரிமூவ் கொடுக்கவும். நீளமான பட்டியல். முதல் இரண்டு வரி படித்தேன், எல்லாம் நான் கேட்டறியாத பெயர்கள். ஆட்டோரிமூவ் கொடுத்து, ஒய் அழுத்திவிட்டுப் படுக்கப் போனேன்.

காலையில் ஆர்டோர் இல்லை.

நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஏழு பாட்டும் அதோடு போயிற்று என்றே நினைத்தேன். ஹோம் ஃபோல்டரைத் திறந்து பார்த்தபிறகுதான் மூச்சு வந்தது. ஆர்டோரில் ஒவ்வொரு பதிவும் தனித்தனி ஃபோல்டர். அதற்குள் ஆடியோ கோப்புகள் வேவ் வடிவில் அப்படியே இருந்தன. உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவி நீக்கும் ஆப்ட், ஹோமுக்குள் கை வைப்பதில்லை. ரிமூவுக்குப் பதில் பர்ஜ் கொடுத்தால் சுவடே இல்லாமல் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஈடீசி போன்ற பொது இடங்களில் உள்ள அமைப்புக் கோப்புகளைத்தான் நீக்கும். ஹோமில் மறைந்திருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரை நாமே பார்த்து அழிக்க வேண்டும். அப்படி இருப்பதே நல்லது என்பேன்.

ஏன் இப்படி ஆயிற்று என்று பிறகு புரிந்தது. ஒவ்வொரு பேக்கேஜும் நாம் பெயர் சொல்லிக் கேட்டதா, வேறொன்றுக்குத் துணையாக வந்ததா என்று ஆப்ட் குறித்து வைத்துக்கொள்கிறது. ஆர்டோரை நான் பெயர் சொல்லிக் கேட்கவே இல்லை. அதை அழைத்து வந்த பட்டியல் போனதும் அதற்கு ஆதரவு இல்லாமல் போயிற்று. ஆப்ட்-மார்க் மேனுவல் ஆர்டோர் என்று முன்பே ஒரு வரி கொடுத்திருந்தால் தங்கியிருக்கும்.

சரி, என்னென்ன போயின என்று எப்படித் தெரிந்துகொள்வது? வார்/லாக்/ஆப்ட் ஃபோல்டரில் ஹிஸ்டரி.லாக் என்றொரு கோப்பு இருக்கிறது. எந்தத் தேதியில், எந்தக் கட்டளையால், எவை வந்தன, எவை போயின என்று வரிசையாக எழுதியிருக்கும். அந்த இரவின் பதிவை நிதானமாகப் படித்தேன். முந்தைய நாளே திரையில் படித்திருக்க வேண்டியது அது.

ஆர்டோரை மட்டும் பெயர் சொல்லி நிறுவினேன். முதல் பாட்டைத் திறந்ததும் சில பிளகின்கள் காணவில்லை என்றது. குரல் ரிவெர்ப் இல்லாமல் வெறுமையாக ஒலித்தது. மூடிவிட்டுக் காஃப் பிளகின்களை நிறுவித் திறந்தேன். நான் வைத்திருந்த அளவுகள் உட்பட எல்லாம் பழையபடி வந்து உட்கார்ந்தன. காணாத பிளகினின் விவரத்தையும் ஆர்டோர் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறது. அதைச் செய்தவர்களுக்கு மனதாரக் கும்பிடு போட்டேன்.

இப்போது எதை நீக்கினாலும் முதலில் ஆப்டுக்கு ஹைஃபன்-எஸ் சேர்த்துப் பார்க்கிறேன். எதையும் தொடாமல், என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும். அப்புறம், பாட்டு ஃபோல்டர்கள் ஒரு பென்டிரைவிலும் இருக்கின்றன. இன்னும் முப்பத்துச் சொச்சம் பாட்டு பாக்கி. அறுப்பு முடிந்து அத்தை அடுத்த மாதம் வருகிறார்.