தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்ட சுவர்

டெரஸ் என்றால் நமக்கு மொட்டைமாடிதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் அது, பக்கச்சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஒட்டி நிற்கும் வீட்டு வரிசை. லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில், 1720களில் கட்டிய அப்படியொரு செங்கல் வீட்டைப் பழுதுபார்க்கப் போயிருந்தேன். பிரான்சிலிருந்து வந்த ஹியூகனாட் என்னும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த பகுதி அது. தறிக்கு வெளிச்சம் வேண்டுமென்று உச்சி அறையில் அகல ஜன்னல் வைத்திருந்தார்கள்.

சாரம் ஏறிய முதல் நாளே முகப்பில் மயங்கிவிட்டேன். ஒரு கல் நெடுக்கு, ஒரு கல் குறுக்கு என்று பிசகாத பிளெமிஷ் கட்டு. குறுக்குக்கல் ஒவ்வொன்றும் சுவருக்குள் நீண்டு பிடித்திருக்கும் என்று நம்பினேன். கூட இருந்த வயதான கொத்தனார் ஒன்றும் சொல்லாமல் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் ஒலி உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் மாறியது. அங்கே சுவர் லேசாக வயிறு தள்ளியிருந்தது.

பிரித்தபோது புரிந்தது. விலை கூடிய கல் முகப்புக்கு மட்டும்தான், பின்னால் மலிவான கல். நல்ல கல்லை மிச்சம் பிடிக்கக் குறுக்குக்கற்களைப் பாதியாக உடைத்து, தலை மட்டும் தெரியப் பதித்திருக்கிறார்கள். முகப்புக்கும் பின்சுவருக்கும் பிடிப்பு போதவில்லை. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைச் செலுத்தி இரண்டையும் பிணைத்தோம்.

அதைவிட என்னை வருத்தியது சிமென்ட்தான். முன்பு யாரோ கல் இடுக்குகளை அதனால் அடைத்திருந்தார்கள். இந்தச் சுவரைக் கட்டிய சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. சுவரின் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட, ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கும். குளிரில் அது உறைந்து விரியும்போது கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். உதிர்ந்த முகம் திரும்ப வராது.

சிமென்டை உளியால் எடுக்கச் சொன்னார்கள். அவசரத்தில் நான் ஒரு செங்குத்து இடுக்கில், கல் வெட்டும் மின் கருவியான கிரைண்டரை வைத்தேன். அடுத்த கல்லின் விளிம்பு வெட்டுப்பட்டது. கொத்தனார் திட்டவில்லை, கிரைண்டரை வாங்கி வைத்துவிட்டு உளியை நீட்டினார். அப்புறம் ஒரு நாளில் ஒரு சிறு பரப்புதான் முடிந்தது, ஆனால் கல் தப்பியது.

இடுக்குகளில் அடைத்த புதுச் சுண்ணாம்புச் சாந்து காற்றை வாங்கி மெல்ல இறுக வேண்டும். ஈரச் சாக்கு தொங்கவிட்டுக் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டோம். உறைபனிக்கு முன் முடிக்க வேண்டிய கவலை வேறு. கடைசிச் சாக்கை அவிழ்த்த காலையில் கொத்தனார் மறுபடி தட்டிக்கொண்டே வந்தார். ஒலி எங்கும் மாறவில்லை. நான் வெட்டிய கல் ஜன்னலுக்குக் கீழே மூன்றாவது வரிசையில் இருக்கிறது. அந்தத் தெருவுக்குப் போனால் என் கண் முதலில் அங்கேதான் போகும்.