ஒரு நீர்நாய், இரண்டு வித்தியாசம்

"பெயரும் சின்னமும் பதியணும். இன்றைக்கே முடிந்துவிடுமா?" என்று எங்கள் சங்கத்துப் பெண் ஒருவர் கேட்டார்.

மேற்குப் பென்சில்வேனியாவில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம். ஒரு பக்கம் வாள் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. மூலையில் மடக்கு மேஜை போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். பெயர், சின்னப் பதிவைக் கவனிக்கும் ஹெரால்டு பொறுப்பை ஏற்று அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "எழுதிக் கொடுப்பதை இன்றைக்கே முடிக்கலாம். பதிவாகி வர ஆறேழு மாதம் ஆகும்" என்றேன். கடைசியில் அவருடைய சின்னம் பதிவாகப் பதினாலு மாதம் ஆனது. அதில் நான்கு மாதம் என் தவறுகளால் போனது.

எங்கள் சங்கத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எஸ்.சி.ஏ. என்று சொல்லப்படும் 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்' 1966 மே 1-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு வீட்டுக் கொல்லையில் நடந்த விருந்தில் ஆரம்பித்தது. 1600-க்கு முந்தைய ஐரோப்பாவையும், அதோடு தொடர்பில் இருந்த மற்ற நாடுகளையும் செய்து பார்த்துக் கற்பதுதான் வேலை. கவசம் அடிப்பவர்கள், நெய்பவர்கள், பழைய சமையல் குறிப்புகளைப் பார்த்துச் சமைப்பவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். சங்கம் 20 ராஜ்ஜியங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொருவரும் அந்தக் காலத்தில் வாழ்ந்திருக்கக்கூடிய ஒரு மனிதராகத் தன்னை வைத்துக்கொள்வார். அந்த மனிதருக்கு ஒரு பெயர் வேண்டும், கேடயத்தில் தீட்ட ஒரு சின்னம் வேண்டும். ஒருவர் பதிந்த சின்னத்தை வேறொருவர் எடுக்க முடியாது. இதற்கெல்லாம் பொறுப்பு ஹெரால்டுகள்.

எனக்கு முன்னால் இந்தப் பொறுப்பில் இருந்த பெண்மணி ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே முப்பது வருடத்துக் காகிதங்கள். தட்டச்சு செய்த விண்ணப்பங்கள், மையின் நிறம் மங்கிய கேடயங்கள், ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்புகள். அடியில் ஒரு பெட்டி க்ரயோலா ஸ்கெட்ச் பேனா. "இதைத் தவிர வேறு எதிலும் வண்ணம் தீட்டாதே" என்று மூடியில் எழுதி ஒட்டியிருந்தார். நான் படித்தேன், ஆனால் அதன் அர்த்தம் அன்றைக்குப் புரியவில்லை.

என் சொந்தப் பெயரைப் பதிந்த அனுபவம் மட்டும்தான் அதுவரை எனக்கு இருந்தது. அதுவே சுலபமாக இல்லை. பதிவுப் பெயரில் இரண்டு பகுதி வேண்டும்: இட்ட பெயர் ஒன்று, பின்பெயர் ஒன்று. சட்டப்படி உள்ள பெயரின் ஒரு பகுதியை அப்படியே பயன்படுத்திக்கொள்ள ஒரு சலுகை உண்டு. இட்ட பெயராக இருப்பதை இட்ட பெயராகத்தான் வைக்க வேண்டும், குடும்பப் பெயர் என்றால் குடும்பப் பெயராகத்தான். முழுப் பெயரையும் அப்படியே பதிய முடியாது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். எது எந்த வகை என்று புரியவைக்கவே இரண்டு கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆனாலும் விடவில்லை. சங்க நிகழ்ச்சிகளில் வாரக் கடைசி முழுக்க எல்லாரும் கூப்பிடப் போகிற பெயரில், வீட்டில் கூப்பிடுகிற பெயரும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால்தான், பெயர் விஷயத்தில் யாராவது பிடிவாதமாக இருந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவரும் பிடிவாதக்காரர்தான். 'ஆஷ்லிங்' என்ற பெயர்தான் வேண்டும் என்றார். ஐரிஷ் மொழியில் கனவு, தரிசனம் என்று பொருள். அவருடைய பாட்டி அவரைக் கூப்பிட்ட செல்லப் பெயர். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இடைக்கால அயர்லாந்தில் யாரும் பெண் குழந்தைக்கு அந்தப் பெயரை வைக்கவில்லை, அது இந்தக் காலத்துப் பெயர். இதை அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

சொல்லிவிட்டு அப்படியே விட மனமில்லை. பெட்டியில் இருந்த ஒரு பழைய குறிப்புதான் வழி காட்டியது. 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர்கள் குடும்பப் பெயர்களை இட்ட பெயராக வைக்கத் தொடங்கினார்கள். அந்த வழக்கத்தை எங்கள் விதிகள் ஏற்கின்றன. அப்படியானால் ஆங்கிலக் குடும்பப் பெயர்களில் இதே ஒலி இருக்கிறதா என்று தேடலாம் இல்லையா? ரீனி, வில்சன் இருவரும் தொகுத்த ஆங்கிலக் குடும்பப் பெயர் அகராதியில் தேடினேன். இருந்தது. அயர்லாந்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை, வேர் வேறு, ஆனால் ஒலி அதேதான்.

அகராதியில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நமக்கு வேண்டிய காலத்தில் வழங்கியது என்று காட்ட வேண்டும். இங்கிலாந்தில் 1538-லிருந்து பங்குத் தேவாலயங்கள் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதிவந்தன. அவற்றின் படிகள் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளத்தில் கிடைக்கும். அதிலும் எல்லாவற்றையும் நம்ப முடியாது. பதிவேட்டைப் பார்த்து நேரடியாகப் படியெடுத்த தொகுதிகளும் உண்டு, யாரோ தன் குடும்ப மரத்தை வரைந்து ஏற்றியவையும் உண்டு. தொகுதி எண் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதை வைத்து இரண்டையும் பிரிக்கலாம். மூன்று இரவு உட்கார்ந்து தேடினேன். பொருந்துகிற பதிவு கிடைத்த ராத்திரி ஒரு மணிக்கு அவருக்குச் செய்தி அனுப்பினேன். அவருக்கு நர்ஸ் வேலை, இரவுப் பணி. உடனே பதில் வந்தது: "பாட்டி கூப்பிட்ட மாதிரியே உச்சரிக்கலாமா?" உச்சரிக்கலாம் என்றேன்.

அப்புறம் சின்னம்.

அவருக்கு நீர்நாய் வேண்டும். அலெகனி ஆற்றங்கரையில் வீடு. அந்தப் பக்கத்து ஆறுகளில் நீர்நாய் இல்லாமலே போய், பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பும்போது ஒருநாள் ஒன்றைப் பார்த்தாராம். அதனால் நீலத் தண்ணீரில் கறுப்பு நீர்நாய் என்று வரைந்துகொண்டு வந்திருந்தார். நல்ல ஓவியம். ஆனால் பதிய முடியாது. மரபுச் சின்னங்களில் பொன்னும் வெள்ளியும், அதாவது மஞ்சளும் வெள்ளையும், உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஆகியவை நிறம். நிறத்தின் மேல் நிறம் வரக்கூடாது, உலோகத்தின் மேல் உலோகம் வரக்கூடாது.

விதியைச் சொன்னால் யாருக்கும் மனம் ஒப்பாது. அதனால் கூடத்தின் ஒரு கோடியில் அவருடைய படத்தைச் சுவரில் ஒட்டினேன். பக்கத்தில் அதே நீர்நாயை நீலத்தில் வெள்ளையாக வரைந்து ஒட்டினேன். மறுகோடிக்கு நடந்துபோய்த் திரும்பிப் பாருங்கள் என்றேன். போனார், திரும்பினார். கறுப்பு நீர்நாய் இருட்டில் கரைந்து ஒரு கறையாகத் தெரிந்தது. வெள்ளை நீர்நாயின் வால், மீசை, தூக்கிய முன்கால் எல்லாம் தெரிந்தன. தூசி பறக்கும் மைதானத்தில் தலைக்கவசம் போட்ட ஒருவனை அவன் கேடயத்தை வைத்து அடையாளம் காண உண்டான விதி இது. அவர் திரும்பி வந்து கறுப்புப் படத்தைத் தானே கிழித்து எடுத்தார்.

அடியில் தண்ணீர் வேண்டும் என்றார். அலை அலையான மேல்விளிம்போடு வெள்ளையில் ஓர் அடிப்பட்டை சேர்த்தோம். சின்னத்தை ஹெரால்டுகளின் மொழியில் சொல்வதற்குப் பிளேசன் என்று பெயர். ஆங்கிலத்துக்குள் பழைய பிரெஞ்சு கலந்த மொழி அது: 'அஷூர், அன் ஆட்டர் ராம்பன்ட் அண்ட் அ பேஸ் வேவி ஆர்ஜன்ட்.' நீலப் பின்புலம், பின்காலில் எழுந்த நீர்நாய், அலை அடிப்பட்டை. ஆர்ஜன்ட் என்றால் வெள்ளி. கடைசியில் ஒரே தடவை வந்தால் அதற்கு முன்னால் நிறம் சொல்லாமல் விட்ட இரண்டுக்கும் சேர்த்துத்தான். இந்தச் சிக்கனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பதிவாவது இந்த வாக்கியம் இல்லை, படம்தான். வாக்கியத்தைப் பின்னால் திருத்தலாம், படம் மாறாது.

இனி முக்கியமான வேலை, முன்பே பதிந்தவற்றோடு மோதுகிறதா என்று பார்ப்பது. பதிவான சின்னங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு, உருவ வாரியாகத் தேடலாம். நீர்நாயும் வீசல் என்ற கீரி போன்ற சிறு விலங்கும் ஒரே தலைப்பில் வரும். தேடினேன். நீலத்தில் வெள்ளை நீர்நாய், அதே நிலையில், வேறு எதுவும் இல்லாமல், 1980-களில் ஒருவர் பதிந்திருந்தார். இரண்டு சின்னங்களுக்கு நடுவே குறைந்தது இரண்டு தனித்த வித்தியாசம் வேண்டும். எங்களுடையதில் அடிப்பட்டை கூடுதல், அது ஒன்று. அதன் விளிம்பு அலை, அது இரண்டு. சரியாகப் போய்விட்டது என்று எழுதி அனுப்பினேன். கேடயத்தை வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் வண்ணத்தில் அடித்தேன். ஸ்கெட்ச் பேனாவில் தீட்டினால் கோடு கோடாகத் தெரியும், பிரின்டரில் அழகாக இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு மாதத்தில் பெயர் மட்டும் ராஜ்ஜியத்திலிருந்து மேலே போனது, சின்னம் திரும்பி வந்தது. காரணங்கள் இரண்டு, இரண்டும் என்னுடையவை. ஒன்று, நீலம் ஊதாவாக மாறியிருந்தது. பிரின்டர் மை நாள்பட நிறம் மாறும், ஸ்கேன் செய்தால் இன்னும் மாறும். பெட்டி மூடியில் எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி ஒட்டியது இதனால்தான். இரண்டாவது, கணக்குப் பிழை. ஓர் உருவத்தைப் புதிதாகச் சேர்த்தால் ஒரே வித்தியாசம்தான். அதன் விளிம்பு நேராக இருந்தாலும் அலையாக இருந்தாலும், சேர்த்தது ஒன்றுதானே? யோசித்தால் நியாயம்தான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆஷ்லிங் அதற்குள் தன் மேலங்கியில் அந்த நீர்நாயைப் பின்னல் வேலையாகப் பாதி போட்டிருந்தார்.

அடுத்த செவ்வாய் நேரில் பார்த்து, தவறு என்னுடையது என்று சொன்னேன். அடிப்பட்டையில் மூன்று மீன் வைத்தால் இன்னொரு வித்தியாசம் கிடைக்கும், விஷயம் முடியும் என்றும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மீன் வேண்டாம். நான் பார்த்தபோது அது தனியாகத்தான் இருந்தது" என்றார்.

அப்படியானால் ஒரு வழிதான் இருக்கிறது. முதலில் பதிந்தவர் சம்மதக் கடிதம் கொடுத்தால் ஒரு வித்தியாசம் போதும். அவரோ நாட்டின் மறுகோடியில், ஆரிகன் பக்கம். சங்கத்துக்கு வருவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. அந்த ராஜ்ஜியத்து ஹெரால்டுகள் பழைய நண்பர்கள் வழியாக விசாரித்து, விலாசம் கேட்டுக்கொண்டு, என் கடிதத்தை அவரிடம் சேர்த்தார்கள். முன்பின் தெரியாத எனக்காக மூன்று பேர் இதற்கு மெனக்கெட்டார்கள். கடிதத்தோடு இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். யார் இந்தப் பெண், ஏன் நீர்நாய் என்றும் நான்கு வரி எழுதினேன். விதிப்படி அது தேவையில்லை. ஆனால் ஒருவர் முப்பது வருடத்துக்கு மேல் வைத்திருக்கும் பொருளில் பங்கு கேட்கிறோம், யாருக்காக என்று சொல்லாமல் கேட்பது மரியாதை இல்லை.

ஐந்து வாரம் கழித்துத் தபாலில் பதில் வந்தது. இருவர் பெயரும், இரண்டு பிளேசனும், கையெழுத்தும், தேதியும் சரியாக எழுதிய சம்மதம். கீழே நடுங்கும் கையெழுத்தில் இன்னும் சில வரிகள். அந்த நீர்நாயை முதலில் வரைந்தது அவருடைய மகளாம், அப்போது ஏழு வயதாம். தண்ணீர் சேர்க்க வேண்டும் என்று தங்களுக்குத் தோன்றவே இல்லை என்று எழுதியிருந்தார். நான் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். ஆஷ்லிங் கடிதத்தை வாங்கி, உட்கார்ந்து இன்னொரு தடவை தானே படித்தார்.

இந்தத் தடவை புது ஸ்கெட்ச் பேனா வாங்கினேன். நீலத்தை ஒரே திசையில், அவசரப்படாமல் தீட்டினேன். சின்னம் ராஜ்ஜியம் மேலே அனுப்பும் கடிதத்தில் ஏறி, ஹெரால்டுகள் கருத்துச் சொல்லும் ஆஸ்கர் என்ற தளத்துக்குப் போனது. முகம் தெரியாத பலர் பார்த்தார்கள். ஒருவர் நீர்நாயின் வாலை இன்னும் தடிமனாக வரையலாம் என்றார். இன்னொருவர் வேறு ஏதாவது மோதுகிறதா என்று நான் தேடாத இடங்களிலும் தேடி, இல்லை என்று எழுதினார். இதற்கெல்லாம் யாருக்கும் சம்பளம் கிடையாது. பெயர்களைப் பெலிக்கன் என்ற பதவியில் இருப்பவர் முடிவு செய்வார், சின்னங்களை ரெத். இருவருக்கும் மேலே லாரல். மாதாமாதம் முடிவுக் கடிதம் வெளிவரும்.

பெயர் முன்பே பதிவாகிவிட்டது. சின்னத்துக்கான மாதக் கடிதம் வந்த அன்று அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். எங்கள் ராஜ்ஜியப் பகுதிக்குப் போய், ஏற்கப்பட்டவை வரிசையில் விரலை வைத்துத் தேடினேன். அவர் பெயர், அதன் கீழே நான் எழுதிய பிளேசன் ஓர் எழுத்துகூட மாறாமல். அடுத்த வரியில், ஆரிகன்காரரின் சின்னத்தோடு மோதாமல் இருப்பது அவருடைய சம்மதத்தால் என்ற குறிப்பு. இரண்டு பெயரும் இனி அந்தப் பதிவேட்டில் சேர்ந்தே இருக்கும்.

அவரைக் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தார், சொன்னதும் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ஆரிகன்காரருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், விலாசம் இருக்கிறதா என்று கேட்டார். மேலங்கியின் ஒரு போட்டோவும் வைத்து அனுப்பலாம் என்றார். அன்று சாயங்காலம் பெட்டியைத் திறந்து, சம்மதக் கடிதத்தின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவருடைய விண்ணப்பத்தின் பின்னால் வைத்தேன்.