பிஸ்டனின் டிஸ்ப்ளேஸ்மென்ட் பூஜ்ஜியமா, 97.2-ஆ?

‘டிஸ்ப்ளேஸ்மென்ட்’ என்பது ஒரே ஆங்கிலச் சொல்தான், துறைக்குத் துறை பொருள் மாறும். ஸ்ப்ளெண்டர் பைக்கின் பிஸ்டன் 49.5 மி.மீ. ஏறி, அதே அளவு இறங்குகிறது. ஒரு சுற்றில் கடந்த தூரம் 99 மி.மீ. கிளம்பின இடத்துக்கே வந்துவிட்டதால் இயற்பியல் கணக்கில் இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம். வண்டிக் காகிதத்திலோ டிஸ்ப்ளேஸ்மென்ட் 97.2 சிசி. இரண்டும் சரிதான். சிசி என்பது பிஸ்டன் ஒரு தடவை ஏறும்போது ஒதுக்கித் தள்ளும் கன அளவு: 50 மி.மீ. போரின் (சிலிண்டரின் உள்விட்டம்) பரப்பு பெருக்கல் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறும் தூரம்). மேலே மிஞ்சும் எரி அறை இதில் சேராது. ரீபோர் செய்து, அதாவது சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி, அரை மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 99 சிசி தாண்டிவிடும்.

இன்னொரு பொருள் தண்ணீர் விலகல். நகையின் தரம் பார்க்க வீட்டிலேயே செய்யலாம். 5 பவுன், அதாவது 40 கிராம், 22 காரட் சங்கிலி விலக்கும் தண்ணீர் சுமார் 2.25 மி.லி.தான், அளவுக் குவளையில் கோடு நகர்ந்ததே தெரியாது. தராசுதான் வழி. 0.01 கிராம் காட்டும் தராசில் முக்கால் டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்கும் ‘டேர்’ பொத்தானை அழுத்துங்கள். நகையை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் ஒரு கம்பியிலிருந்து தொங்கவிடுங்கள். கையில் பிடித்தால் எண் நிலைக்காது. தராசு காட்டும் கிராம்தான் விலகிய மி.லி. நகை எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. 22 காரட்டுக்கு அது 17.5-க்கும் 18-க்கும் நடுவில் வர வேண்டும். வளையங்களுக்குள் காற்றுக்குமிழ் ஒட்டினால் நல்ல தங்கமே மட்டமாகத் தெரியும். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஆட்டிவிடுங்கள். கல் பதித்ததற்கும் அரக்கு அடைத்ததற்கும் இது உதவாது. டங்ஸ்டனின் அடர்த்தியும் தங்கத்தைப் போலவே 19.3, 24 காரட் கட்டிக்குள் அதை ஒளித்தால் தண்ணீர் காட்டிக்கொடுக்காது.

வேதியியலில் ஓர் உலோகம் இன்னொன்றைத் துரத்தும். மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் ஆணிமேல் செம்பு படியும், நீலம் வெளுத்துப் பச்சை தட்டும். உப்புத்தாளால் தேய்க்காத ஆணி என்றால் துருவும் எண்ணெயும் மறித்துக்கொள்ளும்.

உளவியல் பொருளுக்கு நம் ஊரில் விளக்கமே வேண்டாம்: மாமியார் மேல் கோபம், நசுங்குவது பாத்திரம். பலர் இதைப் புரொஜெக்‌ஷனோடு குழப்புகிறார்கள். ‘அவள்தான் என்மேல் எரிந்து விழுகிறாள்’ என்று தன் கோபத்தையே அடுத்தவர் தலையில் கட்டுவது அது. இங்கே கோபம் தன்னுடையதுதான், வாங்கிக் கட்டிக்கொள்ளும் ஆள்தான் மாறுகிறார்.

‘பெயர்ச்சி’ குருவுக்கும் சனிக்கும் பொருந்தும். ஊரைவிட்டு விரட்டப்பட்ட மனிதருக்கு ஏனோ ஒட்டாது. யாழ்ப்பாணத்தார் ‘இடப்பெயர்வு’ என்பார்கள். யாழ் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தாருக்கு அந்தச் சொல், போரால் மொத்தமாக ஊரைவிட்டுக் கிளம்பிய 1995 அக்டோபர் 30. எல்லை தாண்டாதவரை சர்வதேசச் சட்டம் யாரையும் அகதி என்று சொல்லாது. அன்று அதே குடாநாட்டிலுள்ள தென்மராட்சிப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்தவர் இடம்பெயர்ந்தவர். படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர் அகதி.