அழகர் ஆற்றில் இறங்கிய காலையும் நான்காவது ஆட்டமும்

என் அக்கா மகன் டொராண்டோவில் வேலை பார்க்கிறான். 2025ஆம் ஆண்டு சித்திரைத் திருவிழாவுக்கு விடுப்பில் வந்தவன், வடஅமெரிக்க ஐஸ் ஹாக்கியில் லீக் ஆட்டங்கள் முடிந்தபின் நடக்கும் வெளியேற்றுச் சுற்றுகளான பிளே ஆஃபின் காய்ச்சலையும் கூடவே கொண்டுவந்துவிட்டான். அங்கே மாலை ஏழு, எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அதிகாலை நான்கரை, ஐந்தரை மணி. ஆகவே அந்த இரண்டு வாரமும் எங்கள் தல்லாகுளம் வீட்டுக் கூடத்தில், வாசல் தெளிக்கும் சத்தத்துக்கு முன்பே மடிக்கணினி விழித்துக்கொண்டது. பார்வையாளர்கள் மூன்று பேர்: அவன், நான், எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். தெருவே அவரை வாத்தியார் என்றுதான் அழைக்கும். இளமையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஹாக்கி ஆடியவர். மாணவர்களைக் கோவில்பட்டிப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்றவர். பனித்தரையில் ஒருவன் மட்டையோடு வழுக்கிச் செல்வதை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

இரண்டாம் சுற்றில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸும் நடப்புச் சாம்பியன் புளோரிடா பாந்தர்ஸும் மோதின. ஏழு ஆட்டங்கள் கொண்ட தொடரில் நான்கை முதலில் வெல்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். நான் கணக்குப் பிள்ளை வேலை பார்த்தவன் என்பதால் புள்ளிப் பட்டியலை நம்பினேன். 82 லீக் ஆட்டங்களில் டொராண்டோ எடுத்தது 108 புள்ளி, புளோரிடா எடுத்தது 98. பத்துப் புள்ளி வேறுபாடு தற்செயலாக வராது, ஆறு ஆட்டங்களில் டொராண்டோ வெல்லும் என்று சொல்லி வைத்தேன். அக்கா மகன் ஐந்தே போதும் என்றான். அவனுடையது கணிப்பு அல்ல, வேண்டுதல். அவனுடைய அணி, பிளே ஆஃபின் இறுதியில் வெல்பவர் பெறும் ஸ்டான்லி கோப்பையைக் கடைசியாக வென்றது 1967இல். தோற்பவர் மற்றவர்களுக்கு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா வாங்கித் தரவேண்டும் என்று பந்தயம். வாத்தியார் மட்டும், ஆட்டத்தைப் பார்க்காமல் வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

புள்ளிப் பட்டியலை நம்பியவர்கள் ஏமாந்த கதைகளை நான் அறியாதவன் அல்லன். 2019இல் டம்பா பே அணி 62 வெற்றிகளோடு வந்து, கொலம்பஸிடம் முதல் சுற்றிலேயே நான்கு ஆட்டங்களையும் தொடர்ந்து தோற்றது. 2023இல் பாஸ்டன் 65 வெற்றி, 135 புள்ளி என்று வரலாறு காணாத கணக்கோடு வந்து, 92 புள்ளிகளோடு தட்டுத்தடுமாறி உள்ளே நுழைந்த இதே புளோரிடாவிடம், 3–1 என்று முன்னிலையில் இருந்தும் தோற்றது. இதற்கு விளையாட்டு விதியிலேயே ஒரு காரணம் இருக்கிறது. லீக் ஆட்டம் சமனானால் மூவருக்கு மூவர் ஐந்து நிமிடம் ஆடி, அதிலும் முடிவு வராவிட்டால் ஒவ்வொருவராக வந்து கோல்கீப்பரை மட்டும் எதிர்த்துக் கோல் அடித்துப் பார்ப்பார்கள். அங்கே தோற்றவருக்கும் ஒரு புள்ளி உண்டு. பிளே ஆஃபில் அந்தச் சலுகை கிடையாது; முழு அணியோடு, யாராவது ஒரு கோல் போடும்வரை இருபது இருபது நிமிடமாக நள்ளிரவு தாண்டியும் ஆடவேண்டும். எனவே 108 என்ற எண்ணுக்குள் பிளே ஆஃபில் செல்லாத நாணயங்களும் கலந்திருக்கின்றன. இவ்வளவும் தெரிந்திருந்தும் பட்டியலை நம்பினேன் என்பதுதான் வெட்கம்.

முதல் ஆட்டம் 5–4, இரண்டாவது 4–3. இரண்டிலும் டொராண்டோவுக்கே வெற்றி. அக்கா மகன் கூடத்தில் குதித்த குதியில் அக்கா எழுந்து வந்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் வாத்தியார் முதன்முறையாகக் கருத்துச் சொன்னார்: "புளோரிடாதான் ஜெயிக்கும்." நாங்கள் சிரித்தோம். அவர் நிதானமாக விளக்கினார். டொராண்டோக்காரர்கள் தங்கள் பாதியிலிருந்து அந்த ரப்பர் வட்டை வெளியே எடுக்க ஒவ்வொரு முறையும் திணறுகிறார்கள். புளோரிடாவின் இரண்டு பேர் ஓடிவந்து பலகையோரம் நெருக்கிவிடுகிறார்கள். கோல்கள் விழுந்துகொண்டிருக்கும்வரை இது தெரியாது, கோல் நின்றால் தெரியும் என்றார். நான் என் தாளில் இருந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார்.

மூன்றாவது ஆட்டத்தில் டொராண்டோ இரண்டு கோல் முன்னிலையை இழந்து, கூடுதல் நேரத்தில் பிராட் மார்ஷண்ட் அடித்த கோலில் தோற்றது. பாஸ்டனில் இருந்த காலத்தில் டொராண்டோவை நான்கு முறை வெளியேற்றியவர் அவர். அந்த ஆண்டு மார்ச்சில்தான் புளோரிடாவுக்கு மாறியிருந்தார். அந்தப் பெயரைக் கேட்டாலே அக்கா மகனுக்கு முகம் கறுத்துவிடும்.

நான்காவது ஆட்டம் நடந்தது மே 12 அதிகாலை, அழகர் வைகையில் இறங்கிய அதே பொழுது. அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அனைவரும் ஆற்றங்கரையில் நின்றோம். எந்த நிறப் பட்டு உடுத்தி வருவார் என்று ஊரே கணித்துக்கொண்டிருந்த கூட்டத்தில், தோல்பையால் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்களுக்கு நடுவே, அவன் கைபேசியைச் சட்டைக்குள் மறைத்து ஸ்கோர் பார்த்தான். "அழகரைப் பாருடா, அந்தச் சனியனை உள்ளே வை" என்றாள் அக்கா. புளோரிடா 2–0. தொடர் சமன்.

அதன்பின் ஐந்தாவது ஆட்டம் புளோரிடாவுக்கு 6–1, ஆறாவதில் டொராண்டோவுக்கு 2–0 என்று ஓர் உயிர்ப்பு, டொராண்டோவின் சொந்த அரங்கில் நடந்த ஏழாவதில் மீண்டும் 6–1 தோல்வி. ரசிகர்கள் தங்கள் சட்டைகளைக் கழற்றிப் பனித்தரையில் வீசியதை நாங்களும் பார்த்தோம். 2013, 2018, 2019, 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளிலும் அந்த அணி ஏழாவது ஆட்டத்தில்தான் வீழ்ந்தது என்பதால், அக்கா மகன் அழவில்லை, பழகிப்போயிருந்தது.

ஆனால் காரணம் எது என்பதில் எங்கள் சண்டை ஓயவில்லை. முதல் ஆட்டத்தில் புளோரிடாவின் சாம் பென்னட்டின் முழங்கை டொராண்டோ கோல்கீப்பர் அந்தோணி ஸ்டோலார்ஸின் தலையில் பட்டு, அவர் அந்தத் தொடரில் மறுபடி ஆடவே இல்லை; பென்னட்டுக்குத் தடையும் விதிக்கப்படவில்லை. அங்கேதான் தொடர் தொலைந்தது என்பது அக்கா மகனின் வாதம். அதில் நியாயமான கோபம் இருக்கிறது. ஆறடி அகலமும் நான்கடி உயரமும் மட்டுமே உள்ள கோலில், கவசமணிந்த ஒரு மனிதன் ஏறத்தாழ வாசலையே அடைத்துக்கொண்டு நிற்கும் விளையாட்டில், கோல்கீப்பர் போவது தூண் சாய்வது போலத்தான். எனினும் மாற்றாக வந்த ஜோசப் வோல் ஆறாவது ஆட்டத்தில் ஒரு கோலும் விடவில்லை என்பதை மறுக்க முடியாது. என் தாளை மறுபடி எடுத்துக் கூட்டினேன்: முதல் மூன்று ஆட்டங்களில் டொராண்டோ போட்ட கோல் 13, கடைசி நான்கில் வெறும் 4. நான்கு ஆட்டத்தில் நான்கு கோல் போடும் அணிக்கு எந்தக் கோல்கீப்பர் நின்று என்ன பயன்? வாத்தியார் சொன்ன பலகையோர நெருக்கலின் விலை அந்த எண்ணில் இருந்தது.

புளோரிடா அத்தோடு நிற்காமல் கரோலினாவை ஐந்து ஆட்டங்களிலும், இறுதியில் எட்மண்டனை ஆறிலும் வென்று இரண்டாம் முறையாகக் கோப்பையைத் தூக்கியது. பிளே ஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது, அந்தப் பென்னட்டுக்கே போனது. அந்தச் செய்தி வந்த அன்று டொராண்டோவிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பில் அவன் பேசியதை இங்கே எழுத முடியாது.

பந்தயப்படி ஜிகர்தண்டாவுக்குப் பாதிப் பணம் நானும் பாதி அவனும் கொடுத்தோம். சர்க்கரை நோய் இருப்பதால் வாத்தியார் இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டு, மீதியை என் பக்கம் தள்ளிவிட்டார். அடுத்த பிளே ஆஃபுக்கும் பந்தயம் உண்டா என்று கேட்டதற்கு, இரண்டு ஆட்டம் முடியும்வரை யாரும் கணிப்புச் சொல்லக் கூடாது என்று அவர் நிபந்தனை விதித்தார். அக்கா மகன் இதற்கு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. டொராண்டோ ஐந்தே ஆட்டங்களில் என்று அப்போதே சொல்லி வைத்துவிட்டான்.